40,000 ஷேர், ஒரு பதிவுச் சான்று: வ.உ.சி. தன் கம்பெனியைத் தொடங்கிய கதை

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் நம் மனசில் வருவது கப்பல். அடுத்து செக்கு. 1961-ல் சிவாஜி கணேசன் நடித்து வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படம் இந்த இரண்டு காட்சிகளையும் தமிழ்நாட்டின் நினைவில் ஆழமாகப் பதித்துவிட்டது. ஆனால் கப்பல் வருவதற்கு முன்னாடியே நடந்த ஒரு விஷயத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வ.உ.சி. முதலில் வாங்கியது கப்பலை அல்ல, ஒரு பதிவுச் சான்றிதழை.

1906-ல் தூத்துக்குடியில் அவர் செய்த வேலைக்கும், இன்று கொல்லிமலை அரியூர் நாட்டில் மிளகையும் காபியையும் பாக்கெட் போட்டு சொந்தப் பெயரில் விற்க நினைக்கும் பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலைக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெயர், பங்காளிகள், விதிமுறை, பதிவு, உரிமம். இந்தக் காகிதங்கள் எதற்கு, அவை எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது? இதைப் புரிந்துகொள்ள வ.உ.சி.யின் வாழ்க்கையை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். மகனும் அப்பா வழியிலேயே சட்டம் படித்து, பிளீடர் தேர்வில் தேறி, 1895 வாக்கில் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்கு இடம் மாறினார்.

வக்கீல் தொழில் செய்ய அரசு தரும் உரிமத்துக்கு அந்தக் காலத்தில் 'சன்னது' என்று பெயர். அது கையில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியும். வ.உ.சி.யின் வாழ்க்கையில் முக்கியமான காகிதங்கள் இரண்டு. ஒன்று இந்தச் சன்னது. இன்னொன்று, அவர் தொடங்கிய கம்பெனியின் பதிவுச் சான்று. இரண்டையும் பிரிட்டிஷ் அரசின் சட்டப்படிதான் வாங்கினார். பிறகு அந்த அரசோடுதான் மோதினார்.

ஏன் கப்பல்?

தூத்துக்குடி அப்போது வெறும் ஊர் இல்லை, ஒரு வாசல். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி கொழும்பு போவதுதான் வழக்கமான பாதை. தனுஷ்கோடி வழி 1914-ல்தான் வந்தது. வியாபாரிகள், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளிகள், மூட்டை மூட்டையாகச் சரக்கு என எல்லாமே இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போனது.

ஆனால் கப்பல் ஒரே ஒரு கம்பெனியுடையது: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜென்ட், அங்கேயே கோரல் மில்லை நடத்திய ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனம். போட்டியே இல்லாததால் கட்டணத்தை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். உள்ளூர் வியாபாரிகளுக்கு வேறு வழி இல்லை.

1905-ல் வங்கப் பிரிவினை. அதை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. அந்நியத் துணியை எரிப்பது, சுதேசிப் பொருளை வாங்குவது என்று பல ஊர்களில் இயக்கம் நடந்தது. தூத்துக்குடியில் வ.உ.சி. கடை, நெசவுச்சாலை போன்ற முயற்சிகளில் இறங்கினார். ஆனால் அந்த ஊரின் உண்மையான பணம் ஓடும் இடம் கடல் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஏகபோகத்தை மேடைப் பேச்சால் உடைக்க முடியாது, எதிரில் இன்னொரு கப்பல் நின்றால்தான் உடையும் என்று கணக்குப் போட்டார்.

1906 அக்டோபர் 16: என்ன நடந்தது?

அன்றைக்குத்தான் 'சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி லிமிடெட்' பதிவானது. பதிவு நடந்தது 1882-ம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ். அதாவது பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியை எதிர்க்க, பிரிட்டிஷ் ஆட்சியின் சட்டத்தையே படிக்கல்லாக்கினார் அந்த வக்கீல்.

அந்தச் சட்டப்படி ஒரு கம்பெனி தொடங்கக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே இரண்டு ஆவணங்கள். ஒன்று, கம்பெனியின் பெயர் என்ன, எதற்காகத் தொடங்குகிறோம், முதலீடு எவ்வளவு என்று சொல்லும் அமைப்பு ஆவணம். இன்னொன்று, உள்ளே யார் எப்படி முடிவெடுப்பது, ஷேர் யாருக்கு, கூட்டம் எப்போது என்று சொல்லும் விதிமுறை ஆவணம். வக்கீல்கள் வழக்கில் சொல்வதென்றால் மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ். இன்றைக்கும் எந்தக் கம்பெனியைப் பதிவு செய்தாலும் இந்த இரண்டும் வேண்டும். பப்ளிக் லிமிடெட் கம்பெனி என்றால் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் என்ற கணக்கும் அப்படியே இருக்கிறது.

முதலீடு 10 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதை 40,000 ஷேராகப் பிரித்து, ஒரு ஷேர் 25 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. 10 லட்சத்தை நான்கு பணக்காரர்களிடம் கேட்டிருந்தால், நாலு பேரும் பயந்து பின்வாங்கினால் கதை முடிந்தது. 25 ரூபாய் என்று வைத்ததால் ஒரு சிறு வியாபாரியும் ஒன்றிரண்டு ஷேர் வாங்கி உள்ளே வரலாம். ஷேர் வாங்கும் உரிமை ஆசியர்களுக்கு மட்டும். வெள்ளைக்காரக் கம்பெனி பின்வாசல் வழியாக ஷேரை வாங்கிக் குவித்து உள்ளே நுழையாமல் இருக்க அது ஒரு பூட்டு.

பொறுப்புகளும் யோசித்துப் பிரித்தவை. தலைவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 ஷேர் எடுத்தார், அதாவது 2 லட்சம் ரூபாய், மொத்த முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்கு. சட்ட ஆலோசகர்களில் ஒருவர் சேலம் சி.விஜயராகவாச்சாரியார். வ.உ.சி. எடுத்துக்கொண்டது உதவிச் செயலாளர் பதவி. ஊர் ஊராகப் போய் ஷேர் சேர்த்தது, கப்பலுக்கு அலைந்தது, வேலை நடக்க வைத்தது எல்லாம் அவர்தான். ஆனால் மேலே இருந்த பெயர்கள், முன்பின் தெரியாதவர்களும் நம்பிப் பணம் போடக்கூடிய பெயர்கள்.

'லிமிடெட்' என்ற ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்?

கம்பெனி நஷ்டமானால் ஷேர்காரர் இழப்பது அவர் ஷேருக்கான பணம் மட்டும்தான். கம்பெனியின் கடனுக்காக அவர் வீட்டையோ நிலத்தையோ யாரும் ஜப்தி செய்ய முடியாது. இதற்குத்தான் பதிவு. பதிவில்லாமல் பத்துப் பேர் சேர்ந்து கூட்டாகத் தொழில் செய்தால், கடன் வந்தால் ஒவ்வொருவரின் சொந்தச் சொத்து வரை அது போகலாம். பதிவான கம்பெனி சட்டத்தின் பார்வையில் தனி ஆள் மாதிரி. அது தன் பெயரில் சொத்து வாங்கும், கடன் வாங்கும், வழக்குப் போடும், வழக்கில் நிற்கும். வ.உ.சி.யின் கம்பெனி கப்பல் வாங்கியதும் இந்தத் தகுதியில்தான்.

பதிவு ஆனதும் எல்லாம் சரியாச்சா?

இல்லை. கம்பெனி இருந்தது, கப்பல் இல்லை. முதலில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனி ஷா லைனுக்கு நெருக்கடி கொடுத்தது. வாடகைக் கப்பல் கைவிட்டுப் போனது. டிக்கெட் வாங்கக் காத்திருக்கும் ஜனங்கள் ஒரு பக்கம், கப்பலே இல்லாத கப்பல் கம்பெனி இன்னொரு பக்கம். உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சேவை நிற்காமல் பார்த்துக்கொண்டார் வ.உ.சி.

இன்றைய மொழியில் சொன்னால், தொழிலின் உயிர்நாடியான ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சப்ளையரை நம்பினால் போட்டியாளர் முதலில் அந்தச் சப்ளையரைத்தான் பிடிப்பார். வ.உ.சி. அதற்குக் கண்ட தீர்வு, சொந்தக் கப்பல். பம்பாய்க்குக் கிளம்பினார், கப்பலோடுதான் திரும்புவது என்ற முடிவோடு. 1907-ல் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

அடுத்து விலைப் போர். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்ற அளவுக்கு எதிர்த்தரப்பு போனதாக வ.உ.சி. வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆப் தொடங்கிய புதிதில் கம்பெனிகள் கேஷ்பேக்காக அள்ளி வீசி, சின்னப் போட்டியாளர்களை மூச்சுத் திணற வைக்கும் அதே உத்திதான். பெரிய கம்பெனியால் நஷ்டத்தைப் பல மாதம் தாங்க முடியும். 25 ரூபாய் ஷேர்களால் கட்டிய கம்பெனிக்கு ஒவ்வொரு காலிப் பயணமும் கையைக் கடிக்கும்.

ஒரு கைது, ஒரு கம்பெனி

வ.உ.சி. வியாபாரத்தோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரி கடைசியில் ஹார்வியின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர்கள் கேட்டதை நிர்வாகம் ஏற்றது. கப்பலில் போட்டி, மில்லில் தோல்வி என ஒரே நிறுவனத்துக்கு இரண்டு அடி. பிபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாட முனைந்த நிலையில், மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி.

1908 ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜ துரோகத்துக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் என இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் காலம் கழிந்தது. செக்கிழுத்தது கோவையில்.

கம்பெனி என்ன ஆனது? சட்டப்படி அது தனி ஆள். வ.உ.சி. சிறைக்குப் போனாலும் கம்பெனி சிறைக்குப் போகவில்லை. தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, விதிமுறை உண்டு. ஆனால் அலைந்து திரிந்து அதை இயக்கிய ஆள் இல்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன, எதிர்த்து நின்ற கம்பெனியின் கைக்கே கப்பல் போனது.

பதிவுச் சான்று எதைக் காப்பாற்றியது, எதைக் காப்பாற்றவில்லை என்று இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஷேர்காரர்களின் வீடு வாசலைக் காப்பாற்றியது. போட்ட 25 ரூபாயை அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஒரே ஆளை நம்பி இருந்த நிர்வாகத்தையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை.

சன்னது போன பிறகு

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். நாலே முக்கால் ஆண்டுக்கு முன் திருநெல்வேலியே கொந்தளித்தது அவர் கைதுக்காக. வெளியே வரும்போது பெரிய வரவேற்பு எதுவும் இல்லை. கம்பெனி இல்லை. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்யச் சட்டம் தடை.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில், 10 லட்சம் ரூபாய் கம்பெனியைக் கட்டியவர் சிறு வியாபாரியாக வாழ்ந்தார். சென்னையில் மளிகைக் கடை, மண்ணெண்ணெய்க் கடை. கோவையில் அரிசிக் கடை, ஒரு வங்கியில் வேலை. எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்த பணம் 347 ரூபாய் 12 அணா, பல கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு 1916-ல்தான் வந்து சேர்ந்தது. அந்தத் தொகைக்காகக் காத்திருக்கும் நிலையில் குடும்பம் இருந்தது. கையில் வித்தை இருந்தும் உரிமம் இல்லாவிட்டால் ஒரு மனுஷன் எவ்வளவு தூரம் தள்ளப்படுவான் என்பதற்கு இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே சாட்சி.

கடைசியில் சன்னது திரும்பக் கிடைத்தது. அதற்கு உதவியவர் ஒரு வெள்ளைக்கார நீதிபதி, ஈ.எச்.வாலஸ். முன்பு திருநெல்வேலிப் பக்கம் பணியாற்றி, வ.உ.சி.யை அறிந்தவர். நன்றி மறக்காத வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். அரசை எதிர்த்தவருக்கு ஒரு தனி மனிதர் மேல் இருந்த நன்றி அந்தப் பெயரில் நிற்கிறது. பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில், 1932-ல் மீண்டும் தூத்துக்குடி. இடையில் தமிழ் நூல் பதிப்பு, மொழிபெயர்ப்பு, நீதி நூல் என எழுத்துப் பணியையும் விடவில்லை. 1936 நவம்பர் 18-ம் தேதி, அவர் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது.

அரியூர் நாட்டில் இப்போ தொடங்கினால்?

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. வ.உ.சி. காலத்தில் அது சேலம் மாவட்டம். மலை மேல் இருக்கும் ஊராட்சிகளில் ஒன்று அரியூர் நாடு. மிளகு, காபி, பலா, வாழை, சாமை, தினை என விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்கும்போது விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தூத்துக்குடி வியாபாரிக்கு ஹார்வி ஏஜென்ட் மாதிரி, மலைக்காரருக்கு மொத்த வியாபாரி. சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்க வேண்டும் என்றால் காகித வேலை தேவை.

தனியாகத் தொடங்குபவருக்கு முதல் படி 'உத்யம்' பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆன்லைனிலேயே முடிந்துவிடும், கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. வங்கிக் கடன், மானியத் திட்டங்கள் கேட்கப் போகும்போது இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

மிளகுத்தூள், காபித்தூள், தேன், சிறுதானிய மாவு என்று சாப்பிடும் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அல்லது உரிமம் கட்டாயம். சிறு அளவில் செய்பவருக்கு எளிய பதிவே போதும், பெரிய அளவு என்றால் உரிமம். அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். கடை அல்லது அரவை மில் வைப்பதாக இருந்தால் ஊராட்சியின் தொழில் உரிமம் பற்றி ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு தேவை. வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் கணக்கு மாறும். எந்தத் திட்டம் பொருந்தும் என்று தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையம்தான் கேட்க வேண்டிய இடம்.

சேர்ந்து தொடங்குபவர்களுக்கு வ.உ.சி. காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது உண்டு. அதுதான் உற்பத்தியாளர் கம்பெனி. விவசாயம் போன்ற உற்பத்தியில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். விளைவிப்பவர்தான் உறுப்பினர் ஆக முடியும், வெளியாள் பணத்தோடு வந்து கம்பெனியைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆசியருக்கு மட்டுமே ஷேர் என்று வ.உ.சி. போட்ட பூட்டின் வேலையை இங்கே சட்டமே செய்கிறது. தனி ஆட்கள் மட்டும் உறுப்பினராக இருக்கும் கம்பெனியில், ஷேர் எவ்வளவு இருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். குறைந்தது ஐந்து இயக்குநர்கள் இருக்க வேண்டும் என்பதும் விதி.

இந்த ஐந்து பேர் விதியை நிறைய குழுக்கள் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்கின்றன. ஓடியாடுவது ஒருவர், மற்ற நால்வர் கையெழுத்து மட்டும். வங்கிக் கணக்கின் விவரம், வாங்குபவர்களின் போன் நம்பர், லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி எல்லாம் அந்த ஒருவரின் தலையில் இருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ, வெளியூர் வேலைக்குப் போனாலோ கம்பெனி காகிதத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். சுதேசிக் கம்பெனியை முடக்க எதிரிக்கு ஒரு கைது போதுமானதாக இருந்தது. இன்றைய சிறு கம்பெனிகளுக்கு எதிரியே தேவைப்படுவதில்லை.

பெயர் மட்டும் மிஞ்சியதா?

1986-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான மாவட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் சிதம்பரனார் மாவட்டம். பின்னர் அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. 2011-ல் தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் மாறியது. எந்தத் துறைமுகத்தில் அவர் கம்பெனிக் கப்பலுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று நினைத்தார்களோ, அந்த ஊரின் துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர்.

ஆனால் தொழில் தொடங்க நினைக்கும் ஒருவருக்கு அவர் விட்டுப்போனது பெயர்ப்பலகையை விடப் பெரியது. வசதியுள்ள நால்வரை நம்பாமல் 25 ரூபாய் போடக்கூடிய பல பேரை நம்பியது. அந்தப் பல பேரின் வீடு தப்பிக்கும்படி 'லிமிடெட்' என்று எழுதிப் பதிவு செய்தது. எதிரியின் சட்டப் புத்தகத்தையே வரி வரியாகப் படித்துப் பயன்படுத்தியது. அவர் கம்பெனி ஐந்து ஆண்டுகூட நீடிக்கவில்லை என்பது உண்மைதான். அதை ஒழிக்க ஒரு பேரரசின் கட்டணப் போரும், நீதிமன்றமும், இரண்டு சிறைகளும் தேவைப்பட்டன என்பதும் உண்மை.